யாரை அணுகுவது? மனநல நிபுணரைத் தேர்ந்தெடுக்கும் முறை

மூன்றாண்டு வைப்புத்தொகை ஒன்றைத் தொடங்குவதற்கு முன், நம்மில் பலர் நான்கு இடங்களில் வட்டி விகிதம் கேட்கிறோம். மூத்த குடிமக்களுக்குக் கூடுதலாக எவ்வளவு, முதிர்வுக்கு முன்பே எடுத்தால் எவ்வளவு குறைப்பார்கள் என்றெல்லாம் விசாரித்த பின்னரே கையொப்பமிடுகிறோம். அதே நாம், மூன்று மாதங்கள் உறக்கமின்றித் தவித்த பிறகு, யாரோ சொன்ன ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு மனநல நிபுணர் ஒருவரிடம் செல்கிறோம். அவர் மருத்துவரா, உளவியலாளரா, ஆலோசகரா என்று கேட்பதில்லை. பத்து நிமிடங்களில் கிடைத்த மருந்துச் சீட்டுடன் வெளியே வந்து, 'இது நமக்குச் சரிப்படாது' என்று முடிவு கட்டிவிடுகிறோம். பின்னர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

கவலைக்குரியது இந்தக் கடைசி முடிவுதான். பெங்களூரில் உள்ள தேசிய மனநல மற்றும் நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், 2015–16ஆம் ஆண்டில் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் அச்சமயத்தில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்ந்துகொண்டிருந்தனர் என்று அது தெரிவித்தது. அவர்களுள் உரிய சிகிச்சை பெறாதவர்களின் பங்கு, கோளாறின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தது. மருத்துவர் பற்றாக்குறை, செலவு, ஊர் என்ன சொல்லுமோ என்ற கூச்சம் எனக் காரணங்கள் பல. அவற்றோடு, தவறான கதவைத் தட்டி ஏமாந்து திரும்பியவர்களும் கணிசமாக இருக்கிறார்கள் என்பது நமது கருத்து. சரியான கதவைக் கண்டறிவது எவ்வாறு என்பதை இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருப்பவர் யார்?

மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்தபின் மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். பயின்றவர். நோயை இன்னதெனக் கண்டறிவதும், மருந்து எழுதுவதும், தேவைப்பட்டால் மருத்துவமனையில் சேர்ப்பதும் இவரது பணி. பலருக்கு உள்ள மனக்குறை, இவர் நீண்ட நேரம் பேசுவதில்லை என்பது. முதல் சந்திப்பு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை நீளலாம். அடுத்தடுத்த வருகைகள் பத்துப் பதினைந்து நிமிடங்களில் முடிந்துவிடுவது இயல்பு. இதனை அலட்சியமாகக் கொள்ளவேண்டியதில்லை. மருந்தின் பலனையும் பக்க விளைவையும் கவனித்து அளவைத் திருத்துவதே அந்த வருகைகளின் நோக்கம். மனம்விட்டுப் பேசுவதற்குரிய இடம் பெரும்பாலும் அடுத்த அறையில் இருக்கிறது.

அந்த அடுத்த அறைக்குரியவர் மருத்துவ உளவியலாளர். பெயர்ப்பலகையில் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்றிருக்கும். உளவியலில் முதுகலைப் பட்டத்துக்கு மேல், மருத்துவமனைப் பயிற்சியுடன் கூடிய எம்.ஃபில். போன்ற தொழிற்படிப்பை முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர் இவர். உளவியல் சோதனைகளை நடத்துவதும், பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பதும் இவரது துறை. இவர் மருந்து எழுத இயலாது. பெயருக்கு முன் 'டாக்டர்' என்றிருந்தால் அது முனைவர் பட்டத்தைக் குறிப்பதாகவும் இருக்கலாம். நம் ஊரில் பெரும் குழப்பம் விளைவிப்பது இந்த ஒரு சொல்தான்.

மூன்றாமவர் மனநல சமூகப் பணியாளர். பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே இவரைக் காண முடிகிறது. குடும்பத்தாருக்கு நோயை விளக்குவது, வேலைக்குத் திரும்ப வழிசெய்வது, அரசு உதவிகளைப் பெற்றுத் தருவது ஆகியவை இவரால் நடைபெறுகின்றன. நீண்டகால நோயாளி ஒருவரைப் பராமரிக்கும் வீட்டாருக்கு இவரைப்போல் பயன்படுபவர் வேறெவருமில்லை எனலாம்.

நான்காமவர் உளவியல் ஆலோசகர். இங்குதான் மிகுந்த கவனம் தேவை. இரண்டாண்டு முதுகலைப் படிப்பும் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியும் பெற்ற சிறந்த ஆலோசகர்கள் இருக்கிறார்கள். வார இறுதி வகுப்பொன்றில் சான்றிதழ் பெற்று அறை திறந்தவர்களும் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் பலகை ஒன்றுதான். உளவியல் ஆலோசகர்களையும் பதிவு முறைக்குள் கொண்டுவரும் நோக்குடன் 2021ஆம் ஆண்டு துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் ஆலோசகரின் படிப்பையும் பயிற்சியையும் நாமே கேட்டறிவது இன்றும் அவசியமாகிறது.

இவர்களுக்கு அப்பால், நாம் அடிக்கடி சென்று நிற்கும் இடம் ஒன்றுண்டு. மனச்சோர்வையும் பதற்றத்தையும் 'நரம்புத் தளர்ச்சி' என்று அழைத்துப் பழகிவிட்டதால், நரம்பியல் மருத்துவரைத் தேடிச் செல்கிறோம். வலிப்பு, பக்கவாதம், கை நடுக்கம் போன்றவை அவரது துறை. பெரும்பாலும் அவரே நம்மை மனநல மருத்துவரிடம் அனுப்பிவைப்பார். அதற்குள் ஒரு ஸ்கேன் எடுத்து முடிந்திருக்கும்.

முதலில் எவரிடம்?

தற்கொலை எண்ணம், காதில் குரல் கேட்பது, காரணமற்ற கடுஞ்சந்தேகம், பல நாட்கள் உறங்காமலே அளவுமீறிய உற்சாகத்துடன் இருப்பது, உணவையே மறுப்பது ஆகியவை காணப்பட்டால் தயக்கமின்றி முதலில் மனநல மருத்துவரையே அணுக வேண்டும். மனச்சிதைவு, இருதுருவ மனநிலைக் கோளாறு ஆகியவற்றுக்கு மருந்தே அடித்தளம். பேச்சு அதற்குத் துணை. மாறாக, மணமுறிவு, பணியிட நெருக்கடி, உறவினர் மறைவு, மிதமான சோர்வு, கூட்டத்தில் பேச அச்சம் போன்றவற்றுக்கு உளவியலாளரிடமோ தகுதியுள்ள ஆலோசகரிடமோ தொடங்கலாம். அவர் நேர்மையானவராயின், மருந்து தேவைப்படும் நிலையில் தாமே மருத்துவரிடம் அனுப்புவார். எத்தகைய நிலையில் அவ்வாறு அனுப்புவீர்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

உயிருக்கு ஆபத்தான வேளையில் தேர்வு செய்துகொண்டிருக்க நேரமில்லை. அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவே அப்போது சரியான இடம். 112 என்ற அவசர எண்ணையும் அழைக்கலாம். மைய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தற்கொலைக்கு முயன்றவர் மீது வழக்கு வருமோ என்று அஞ்சி வீட்டிலேயே மறைத்து வைப்பவர்கள் இன்றும் உண்டு. அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும் என்றும், அவரைத் தண்டிக்காது உரிய பராமரிப்பு அளிக்க வேண்டும் என்றும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு கூறுகிறது.

அவசரமில்லாதபோது குடும்ப மருத்துவரிடமிருந்து தொடங்குவதிலும் ஒரு நன்மை உண்டு. தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தசோகை, பி12 வைட்டமின் குறைபாடு ஆகியவை மனச்சோர்வு போன்ற தோற்றம் தருவன. சில இரத்தப் பரிசோதனைகள் இவற்றைத் தெளிவாக்கிவிடும். எதிர்ப்புறமாக, நெஞ்சுப் படபடப்புக்காக மூன்று முறை இ.சி.ஜி. எடுத்து, மூன்று முறையும் இதயத்தில் குறையில்லை என்று அறிக்கை பெற்றவர், திடீர்ப் பதற்றத் தாக்குதலைப் பற்றி மனநல மருத்துவரிடம் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

வயதும் நிலையும் சில தனித் தேவைகளை உண்டாக்குகின்றன. குழந்தைகளுக்குக் குழந்தை மனநலத்தில் அனுபவமுள்ளவர் வேண்டும். முதியவரின் மறதிக்கு, மறதி நோயையும் முதுமைக்கால மனச்சோர்வையும் பிரித்தறிய வல்லவர் வேண்டும். பிள்ளை பெற்ற தாய்க்கு வரும் சோர்வை 'சும்மா இருப்பதால் வருவது' என்று ஒதுக்குவோர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. தாயும் சேயும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கென்றே நிம்ஹான்ஸில் தனிப் பிரிவு இயங்கி வருகிறது.

தகுதியைச் சரிபார்த்தல்

இது ஐந்து நிமிட வேலை. மருத்துவரின் பெயரையும் பதிவெண்ணையும் மாநில மருத்துவக் கவுன்சில் அல்லது தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் இணையவழி தேடலாம். மருத்துவ உளவியலாளரை மறுவாழ்வுக் கவுன்சிலின் மையப் பதிவேட்டில் தேடலாம். பதிவெண்ணைக் கேட்பது அவமரியாதை ஆகாது. கேட்டதும் முகம் சுளிப்பவரைவிட, கேட்குமுன்பே சீட்டில் அச்சிட்டு வைத்திருப்பவர் நமது நம்பிக்கைக்கு உரியவர்.

பதிவு என்பது குறைந்தபட்ச உறுதி மட்டுமே. நம் சிக்கலில் அவருக்கு அனுபவம் உண்டா என்பது வேறு கேள்வி. எண்ணச் சுழற்சி நோயை எடுத்துக்கொள்வோம். கதவைப் பூட்டினோமா என்று இருபது முறை சென்று பார்ப்பவருக்கு, அச்சமூட்டும் சூழலைப் படிப்படியாக எதிர்கொண்டு, திரும்பிச் சென்று பார்க்கும் செயலைத் தவிர்க்கப் பழக்கும் குறிப்பிட்ட ஒரு சிகிச்சை முறை உண்டு. அதில் பயிற்சியில்லாத ஒருவர், 'பூட்டியிருக்கிறீர்கள், கவலை வேண்டாம்' என்று வாரந்தோறும் ஆறுதல் கூறிக்கொண்டிருக்கலாம். ஆறுதல் அந்த நோய்க்கு உரமாகிவிடுகிறது. ஆகவே, 'என் சிக்கலைப் போன்ற எத்தனை பேருக்குச் சிகிச்சை அளித்திருக்கிறீர்கள், எந்த முறையைக் கையாள்வீர்கள்' என்ற கேள்வி அடிப்படையானது. விடை நமக்குப் புரியும் சொற்களில் வர வேண்டும்.

முதல் சந்திப்பு

செல்லும்போது பழைய மருந்துச் சீட்டுகள், இரத்தப் பரிசோதனை அறிக்கைகள், தற்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பெயர்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்துகளும் இதில் அடங்கும். குடும்பத்தில் வேறெவருக்கேனும் இத்தகைய நோய் இருந்ததா என்பதை மறைக்கலாகாது. முன்பு எப்போதேனும் சில நாட்கள் அளவுமீறிய உற்சாகமும் செலவும் உறக்கமின்மையுமாக இருந்ததுண்டா என்பதையும் கூறிவிட வேண்டும். இருதுருவக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியே கொடுத்தால் நிலைமை எதிர்ப்பக்கம் சாயக்கூடும் என்பதால், இந்த ஒரு தகவல் மருத்துவரின் முடிவையே மாற்றிவிடும். மது அருந்தும் அளவைப் பாதியாகக் குறைத்துச் சொல்வது நம்மவரின் வழக்கம். மருத்துவர்களும் அதை அறிந்தே இருக்கிறார்கள்.

மொழி பற்றித் தனியே சொல்ல வேண்டும். பணி மாறுதலால் மும்பையிலோ தில்லியிலோ புவனேசுவரத்திலோ வாழும் தமிழர்கள், அலுவலக ஆங்கிலத்திலும் கடைவீதி இந்தியிலும் சமாளித்துவிடுகிறோம். ஆயினும் 'மனசு கனக்கிறது', 'ஒரே வெறுமையாக இருக்கிறது', 'வயிற்றைப் பிசைகிறது' என்பவற்றை இன்னொரு மொழியில் சொல்ல முற்படும்போது பாதி பொருள் உதிர்ந்துவிடுகிறது. மருந்துக்கு உள்ளூர் மருத்துவரையும், பேச்சுவழிச் சிகிச்சைக்குக் காணொளி வாயிலாகத் தமிழ் பேசும் உளவியலாளரையும் கொள்வது நல்ல ஏற்பாடு. இந்தியாவில் 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் காணொளி ஆலோசனைக்கு முறையான இடம் தந்துள்ளன. சிலவகை மருந்துகளை மட்டும் அவ்வழியில் எழுதித் தர இயலாது. வீட்டில் தனியறை இல்லாதவர்கள் நிறுத்தி வைத்த காரில் அமர்ந்து பேசுவதையும், மொட்டைமாடிக்குச் செல்வதையும் நாம் அறிவோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உடன் வரும் குடும்பத்தார் நமக்குப் பதிலாகப் பேசத் தொடங்கிவிடுவது இன்னொரு சிக்கல். கணவர் முன்னிலையில் மனைவியும், தந்தை முன்னிலையில் மகனும் சொல்ல இயலாதவை உண்டு. சில நிமிடங்களேனும் தனியே பேச வேண்டும் என்று கேட்கலாம். நல்ல நிபுணர் தாமாகவே அதற்கு வழிசெய்வார். நாம் கூறுவதை மறைவாகக் காப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அவரது கடமை. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றை முதலிலேயே அவர் விளக்குவது முறை. அலுவலகம் ஏற்பாடு செய்யும் இலவச ஆலோசனைத் திட்டங்களில், நமது பெயரும் பேச்சும் நிர்வாகத்துக்குச் செல்லுமா என்று கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

பொருந்துகிறதா என்று அறிவது

சிகிச்சையாளருக்கும் நமக்கும் இடையிலான உறவின் தரம் பலனை வெகுவாகத் தீர்மானிக்கிறது என்பது பேச்சுவழிச் சிகிச்சை பற்றிய ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் உறுதிப்பட்ட உண்மை. எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலறிஞர் 1979இல் அவ்வுறவை மூன்றாகப் பகுத்தார்: எதை அடைய வேண்டும் என்பதில் உடன்பாடு, எவ்வழியில் என்பதில் உடன்பாடு, இருவருக்குமிடையே நம்பிக்கை. 'அவர் நல்லவர், ஆனால் எதற்காகச் செல்கிறோம் என்றே தெரியவில்லை' என்று சொல்பவருக்கு மூன்றாவது கிடைத்திருக்கிறது, முதலிரண்டும் கிடைக்கவில்லை.

ஒரே சந்திப்பில் இதனை அறிய இயலாது. மூன்று அல்லது நான்கு அமர்வுகள் வரை காத்திருக்கலாம். பேசிவிட்டு வரும்போது அழுகை வருவதோ களைப்பாக இருப்பதோ தோல்வியின் அடையாளமன்று. நம்மை எடைபோடுகிறார் என்ற உணர்வு நீங்காதிருப்பதும், உண்மையை மறைத்தே பேச வேண்டியிருப்பதும்தான் கவனிக்க வேண்டியவை. அதை அவரிடமே சொல்லிப் பார்க்கலாம். தேர்ந்தவர் அதைக் குறையாகக் கொள்ளாமல் தமது முறையை மாற்றிப் பார்ப்பார். இல்லையேல் வேறொருவரைத் தாமே பரிந்துரைப்பார். மருந்தைப் பொறுத்தவரை கணக்கு வேறு. மனச்சோர்வு மருந்துகள் பலன்தர இரண்டு முதல் நான்கு வாரங்களும், சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகின்றன. ஐந்தாம் நாளில் பலனில்லை என்று மருத்துவரை மாற்றுவதும், குணமானதும் சொல்லாமல் கொள்ளாமல் மருந்தை நிறுத்துவதும் தீங்கானவை.

சில அறிகுறிகளைக் கண்டால் காத்திருக்கவே வேண்டியதில்லை. மூன்றே அமர்வுகளில் முற்றிலும் குணம் என்று உறுதி கூறுபவர், பிற நோயாளிகளின் கதைகளை நம்மிடம் சொல்பவர், மருத்துவரைக் கேளாமலே மருந்தை நிறுத்தச் சொல்லும் ஆலோசகர், கடன் கேட்பவர், தொழில்முறை எல்லையை மீறி நெருங்குபவர். தன்பாலீர்ப்பை 'மாற்றித் தருகிறோம்' என்போரும் இவ்வகையினரே. அத்தகைய 'மாற்றுச் சிகிச்சை' தொழில்நெறி மீறல் என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்துவிட்டது. கோயிலுக்கும் தர்காவுக்கும் செல்வோர் சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை. சிகிச்சைக்குச் செல்வோர் வழிபாட்டைக் கைவிட வேண்டியதுமில்லை. ஆனால் நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பது எங்கு நடந்தாலும் சட்டப்படி குற்றம்.

செலவும் காப்பீடும்

மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவுகள் உண்டு. நிம்ஹான்ஸ், ராஞ்சியிலுள்ள மைய மனநோய் மருத்துவ நிறுவனம், தேஜ்பூரிலுள்ள கோபிநாத் பர்தலை நிறுவனம் ஆகிய மூன்றும் மைய அரசின் மனநல நிறுவனங்கள். அங்குக் கூட்டம் மிகுதி, கட்டணம் குறைவு. பொதுவாக எழுதப்படும் மனநல மருந்துகள் சில மக்கள் மருந்தகங்களில் குறைந்த விலையில் கிடைக்கின்றன. தனியாரிடம் செல்வோர் ஓர் அமர்வுக்கு எவ்வளவு, எத்தனை நிமிடம், வர இயலாவிட்டால் கட்டணம் உண்டா என்பதை முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிட வேண்டும். 'இருபது அமர்வுகளுக்கு முன்பணம் செலுத்தினால் தள்ளுபடி' என்ற திட்டங்களை நாம் பரிந்துரைப்பதில்லை. பொருந்துகிறதா என்று அறியுமுன் முழுத்தொகையையும் செலுத்தியவர், பணம் போய்விடுமே என்றே பொருந்தாத இடத்தில் அமர்ந்திருக்க நேரும்.

உடல்நோய்க்கு வழங்குவது போன்றே மனநோய் சிகிச்சைக்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்பது மேற்சொன்ன சட்டத்தின் 21ஆம் பிரிவு. நடைமுறையில் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் உள்நோயாளியாகத் தங்கும் செலவையே ஏற்கின்றன. வாராந்தர பேச்சுவழிச் சிகிச்சைக்குப் புறநோயாளிச் சலுகை தனியே இருக்க வேண்டும். காத்திருப்புக் காலமும் உச்சவரம்பும் பாலிசிக்குப் பாலிசி மாறுவதால், புதுப்பிக்கும் நாளில் அவ்விரண்டையும் படித்துவிடுவது நலம். ஏற்கெனவே உள்ள நோயை மறைத்து எடுத்த பாலிசி, தேவைப்படும் நாளில் கைகொடுக்காது. கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்துக்கு எழுத்துவழி முறையிட்டு, ஒரு மாதத்துக்குள் நிறைவான பதில் கிடைக்காவிடில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

வங்கி வாடிக்கையாளர்கள் குழம்பக்கூடிய இடம் ஒன்று. தமக்குத் தீர்மானிக்கும் திறன் குறையும் காலத்தில் சிகிச்சை குறித்து உடன்நின்று முடிவெடுக்க உதவும் பிரதிநிதி ஒருவரை எழுத்துவழி நியமிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. அவர் வங்கிக் கணக்கின் நாமினி அல்லர். அவரது பொறுப்பு சிகிச்சையோடு நின்றுவிடுகிறது. கணக்கை இயக்கவோ வைப்புத்தொகையை எடுக்கவோ அந்நியமனம் உரிமை தருவதில்லை.

ஊர் மாறும்போதோ நிபுணரை மாற்றும்போதோ, நோய் இன்னதெனக் கண்டறிந்த விவரம், கொடுத்த மருந்துகள், அளவு, நிறுத்தியவை, நிறுத்திய காரணம் ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதித் தருமாறு கேட்டுப் பெற வேண்டும். தமது அடிப்படை மருத்துவக் குறிப்புகளைப் பெறுவது நோயாளியின் சட்ட உரிமை. மருந்து உட்கொள்வோர், புதிய ஊரில் மருத்துவர் அமையும் வரை போதுமான நாட்களுக்குச் சீட்டு வாங்கிக்கொள்வதோடு, புதியவரிடம் நாளும் நேரமும் குறித்த பின்னரே பழையவரிடம் விடைபெறுவது நன்று.